மொத்தமாக அழிக்கும் கருவி

“பதினோரு மணிக்குள்ள எல்லாத்தையும் அழிச்சாகணும்!”

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அவன் சொன்ன வேகத்தில், எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் மனைவி பேனாவை மூடினாள்.

“எதைங்க?”

“நான் எழுதி ஆன்லைன்ல போட்ட புரோகிராம் எல்லாத்தையும். இன்டர்வியூ பண்றவங்க என் பக்கத்தைத் திறந்து பார்த்தா மானம் போயிடும்.”

எட்டு மாதமாக வேலை இல்லை. இதுவும் கைநழுவினால் மாமனாரின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அவர் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்தில் இருநூற்றுப் பதினான்கு புரோகிராம்கள் இருந்தன. எடை குறைக்க ஒன்று, மூன்றாம் நாளே நின்றுபோனது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஞாபகப்படுத்த ஒன்று. அது பாதி முடிவதற்குள் செடி போய்விட்டது. நேரத்தை மிச்சப்படுத்த ஒன்று, அதற்கே நான்கு மாதம் செலவானது. மீதியில் பாதி அவனுக்கே ஞாபகமில்லை.

“ஒண்ணைக்கூடவா முடிக்கலை?”

“கால்குலேட்டர் முடிச்சேனே! அதை மட்டும் வெச்சுக்கறேன்.”

ஒவ்வொன்றாக அழித்தால் சாயங்காலம் ஆகிவிடும். நல்லவேளையாக, மொத்தமாக அழிக்கும் ஒரு சின்னக் கருவி லேப்டாப்பில் எப்போதோ ஏற்றியது அப்படியே இருந்தது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினான். பட்டியல் கடகடவென்று இறங்கியது.

“அடேயப்பா, என்ன வேகம்! எவன் எழுதினானோ, அவனைக் கையெடுத்துக் கும்பிடணும்.”

“அவரெல்லாம் எடுத்த வேலையை முடிக்கிற ஆளு. நீங்களும் இருக்கீங்களே!”



‘பட்டியலை முழுவதும் படித்துவிட்டீர்களா? அழித்தால் திரும்ப வராது’ என்று திரையில் ஒரு கேள்வி வந்தது.

“படிக்கச் சொல்லுதுங்க.”

“இதையெல்லாம் எவன் படிப்பான்? எழுதினவனே படிக்க மாட்டான்.”

‘ஆம்’ என்று தட்டினான். இருபதே வினாடியில் இருநூற்றுப் பதின்மூன்றும் காலி. பாரம் இறங்கியதுபோல் இருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

சரியாகப் பதினோரு மணிக்கு மேலாளர் திரையில் வந்தார். முகத்தில் குழப்பம்.

“சார், உங்க பக்கத்துல ஒரு கால்குலேட்டர்தான் இருக்கு?”

“ஆமா சார், குப்பையெல்லாம் காலையிலதான் சுத்தம் பண்ணினேன்” என்றான் பெருமையாக.

“ஐயய்யோ! ஆறு வருஷம் முன்னாடி நீங்க எழுதிப் போட்டீங்களே, மொத்தமா அழிக்கிற கருவி, எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்கோம். அதை எழுதினவர்னுதான் சார் உங்களைக் கூப்பிட்டோம்!”