எட்டு மணி மெயில்

அந்தச் சூட்சுமத்தை பில்லிங் பிரிவு அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து சீட் சுருட்டைமுடிக்காரன். மெயிலை முந்தின நாள் சாயங்காலமே எழுதி, காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் வைத்துவிட வேண்டும். அப்புறம் ஒன்பதரைக்கு ஆடி அசைந்து வந்தாலும், எட்டுக்கே வேலையில் இறங்கிவிட்டாள் என்று மேலாளர் நினைத்துக்கொள்வார்.

நினைத்துக்கொண்டார். போன வாரம் கூப்பிட்டு, "காலையில பார்த்தேன்மா. தலை நிமிராம டைப் பண்ணிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு போயிட்டேன்" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. சுருட்டை போட்டுக்கொடுத்துவிட்டான், மேலாளர் ஆழம் பார்க்கிறார் என்றே நினைத்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் வரும்போதெல்லாம் நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

தன் சீட்டில் வந்து உட்கார்வது சுருட்டைதான் என்று நினைத்து, அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க இன்று எட்டரைக்கே வந்தாள். வாசலில் செக்யூரிட்டி ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைவலின்னு இப்பத்தானேம்மா வீட்டுக்குக் கிளம்புனீங்க?"

மேலே ஒருவரும் இல்லை. அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் திறந்திருந்தது. எட்டு மணி மெயில் வழக்கம்போல் போயிருந்தது. அதற்குப் பிறகு, அவள் எழுதாத இன்னொன்று கணவனுக்குப் போயிருந்தது: 'தலைவலி. வீட்டுக்கு வரேன்.'

படித்து முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது.

'ஜன்னல்லேர்ந்து பார்த்தேன், வாசல்ல நிக்கறே. சாவியை மறந்துட்டியா? இரு, வந்து திறக்கறேன்.'

சாவி அவள் கையில்தான் இருந்தது.