ஓர் இலைக்கு ஒரு நகை

"முடியாதும்மா. பலகையில எழுதியே போட்டிருக்கோம், படிக்கலையா?"

மனைவி எரிந்து விழுந்ததைக் கேட்டு பாலிஷ்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் நகை செய்வது அவள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது, ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்து அவளிடமே வேலைக்குச் சேர்ந்த அவர்.

பலகையில் இருந்தது இதுதான்: 'ஓர் இலைக்கு ஒரு நகை. அதே போல் இன்னொன்று செய்து தரப்படாது.'

வீம்புக்கு எழுதியதல்ல. உண்மையான இலையை பிளாஸ்டர் குழம்பில் புதைத்து உலையில் வைப்பாள். இலை எரிந்து சாம்பலாகும். அது இருந்த பள்ளத்தில் வெள்ளியை உருக்கி ஊற்றினால், நரம்பு நரம்பாக இலை வந்து நிற்கும். ஜோடி நகையென்றால் ஒத்த இரண்டு இலைகளை முதலிலேயே தேடிப் பறித்துக்கொள்வாள். எரிந்துபோன இலைக்கு மறுபடி எங்கே போவது?

எதிரே நின்ற இளம்பெண்ணின் உள்ளங்கையில் ஒற்றை வெள்ளித் தொங்கட்டான். சின்னக் கொடி இலை. ஓரத்தில் புழு கடித்த ஓட்டைகூட அப்படியே இருந்தது.

"அக்கா, கொஞ்சம் கேளுங்க. இது எங்க அத்தையோடது. மாமா ஆசையா வாங்கிக் குடுத்தது. அத்தை ஊருக்குப் போயிருந்தப்ப கேக்காம எடுத்துப் போட்டுட்டுப் போனேன். ஒண்ணைத் தொலைச்சுட்டேன். இப்ப அவங்க, 'எங்க வெச்சேன், எங்க வெச்சேன்'னு பீரோவையே கொட்டிக் கவுத்துத் தேடுறாங்க. நான்தான் தொலைச்சேன்னு சொல்ல வாய் வரல."

"போய் உள்ளதைச் சொல்லு."

"இப்பத்தான்க்கா நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் ஒட்ட ஆரம்பிச்சிருக்கோம். இனிமே என்னை எப்படி நம்புவாங்க?"

பாலிஷ்காரருக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, ஒண்ணே ஒண்ணுதானே..."

"நீங்க போய் மெஷினைப் பாருங்க."

போனார். கோபத்தையெல்லாம் பாலிஷ் மெஷின்மேல் காட்டினார். அதன் இரைச்சலில் கடையே இடிந்து விழுந்தாலும் கேட்காது. நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது அந்தப் பெண் இல்லை.

"அழுதுகிட்டே போயிருக்கும். உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்" என்றாள் அவள், அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இனி இவளோடு பேச்சே கிடையாது என்று முடிவு கட்டினார். சாப்பிடும்போது உப்பு கேட்க வேண்டியிருந்ததால் அது நிலைக்கவில்லை.

மறுநாள் காலையில் சுற்றுச்சுவர்க் கொடியருகே ஸ்டூல் போட்டு ஏறி, அவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இலை இலையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுக்கொண்டே போனாள்.

"இத்தனை நல்ல இலை இருக்கே, ஒண்ணைப் பறிச்சுட்டு இறங்கேன். கை வலிக்குது."

"நல்ல இலை எதுக்கு? ஓட்டை விழுந்ததா வேணும். புது டாலருக்கு."

டாலர் என்று சொல்லித்தான் அந்த வெள்ளி இலையை அவரிடம் கொடுத்தாள். அவரும் தேய்த்துக் கொடுத்தார். எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். நிமிர்ந்த நடை, கறாரான முகம். கைப்பையிலிருந்து ஒரு ஜோடித் தொங்கட்டானை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"இது நீங்க செஞ்சதுதானே?"

"ஆமாங்க."

"ஒண்ணு காணாமப் போயிருந்துச்சு. நேத்து என் மருமக தேடிக் குடுத்தா. சோபா இடுக்குல கிடந்துச்சாம்."

பாலிஷ்காரர் எட்டிப் பார்த்தார். பகீரென்றது. ஒரு தொங்கட்டானில் இருந்தது, தன் கையால் தேய்த்த அதே டாலர் இலை! அடடா, இவளையா ஈரமில்லாதவள் என்றோம் என்று ஒரு பக்கம் மனசு குளிர்ந்தது. மறுபக்கம் அந்தப் பெண்ணை நினைத்துக் கவலையாகவும் இருந்தது. மாட்டிக்கொண்டால் எடுத்தது, தொலைத்தது, மறைத்தது எல்லாம் சேர்ந்தல்லவா அவள் தலையில் விடியும்?

"உண்மையைச் சொல்லுங்க. என் மருமக இங்க வந்து புதுசா ஒண்ணு செஞ்சு வாங்கிட்டுப் போனாளா?"

"ஒண்ணைப் போல இன்னொண்ணு இந்தக் கடையில செஞ்சதே இல்லம்மா." அவள் கண்கூட இமைக்கவில்லை.

அம்மாள் இந்தப் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க."

பாலிஷ்காரருக்கோ பொய் சொல்லிப் பழக்கமில்லை. வீட்டில் சொன்னதெல்லாம் உடனுக்குடன் பிடிபட்டவைதான்.

"அதான்... பலகையில எழுதியே போட்டிருக்கோமே..."

அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொங்கட்டான்களை ஒவ்வொன்றாகக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் முகம் பார்த்தார். கறாரெல்லாம் கரைந்து சிரிப்பு வந்தது.

"போதும். யார் வந்து கேட்டாலும் இப்படியே சொல்லுங்க. அவ ராத்திரி பகலாப் பயந்து செத்துட்டா. நான் நம்பிட்டேன்னே நினைச்சு நிம்மதியா இருக்கட்டும். நல்ல பொண்ணு."

வாசல்வரை போனவர் நின்று, நகை செய்கிறவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணும்மா. அடுத்து யாராவது வந்தா இடத்தையாவது மாத்திச் சொல்லிக் குடுங்க. நான் தொலைச்சுட்டு வந்து நின்னப்பவும், ரகசியமா ஒண்ணு செஞ்சு குடுத்து, 'சோபா இடுக்குல கிடைச்சுது'ன்னுதானே என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லச் சொன்னீங்க!"