எங்கும் கசிவு இல்லை

போல்ட் இறுக்குகிற டூலை அவள் ரிப்பேர் அறை மேஜை மேல் வைத்த வேகத்தில் தட்டிலிருந்த திருகுகள் துள்ளின. "மறுபடியும் வெறுமனே சுத்துது, இறுக்க மாட்டேங்குது. இதே வேலையாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாஷிங் மெஷினுக்கு மோட்டார் பூட்டுகிற மூன்றாம் லைனில் அவளுக்கு வேலை. போல்ட் சரியாக இறுகாவிட்டால் அங்கே சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் லைன் நிற்கும், லைன் நின்றால் சூப்பர்வைசருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அவரும் அவள் பின்னாலேயே வந்து நின்றார்.

ரிப்பேர் அறையில் இருந்தவனை எல்லோரும் 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, அதோடு நாள் முழுக்க சிரிஞ்சும் கையுமாக இருப்பான். அவன் கை பட்ட டூல் லேசில் திரும்பி வராது. மூன்றாம் லைன்காரியின் டூல் மட்டும் சில வாரத்துக்கு ஒரு தரம் பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரி வந்துவிடும்.

அது காற்றில் ஓடும் டூல்தான். ஆனால் போல்ட்டை இறுக்குவது அதன் வயிற்றுக்குள் இருக்கும் கொஞ்சூண்டு எண்ணெய். அது குத்துக் குத்தாக அடிக்கிற அடியில்தான் இறுக்கம் வரும். எண்ணெய் குறைந்தால் சத்தம் மட்டும் வரும், வேலை நடக்காது.

ஊசி பிரித்துப் பார்த்தான். எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற சீல் சரி, உள்ளே சுற்றுகிற பிளேடு சரி, எங்கும் கசிவு இல்லை. எண்ணெய் மட்டும் குறைந்திருந்தது. அவன் ரொம்பவும் ஆச்சரியப்பட்டுக் காட்டினான்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள். எண்ணெயை விளிம்பு வரை நிரப்பி, குமிழிகளை விரட்டிவிட்டு, கடைசியில் சிரிஞ்சால் கொஞ்சம் திரும்ப எடுத்துவிட வேண்டும். சூட்டில் எண்ணெய் விரியும், அதற்கு இடம் வேண்டும். மற்ற டூல்களில் சிரிஞ்சில் போட்டிருக்கிற கோடு வரை எடுப்பான். இவளுடையதில் மட்டும் கோட்டைத் தாண்டி எடுப்பான்.

பேசத் தைரியம் இல்லாதவன் வேறு என்னதான் செய்வான்? வேலை முடிகிற வரை அவள் எதிரே நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனதில் இருப்பதைச் சொல்ல வாயைத் திறப்பான். வெளியே வருவதோ, எந்தத் துளையை எந்தச் சாவியால் திறக்க வேண்டும் என்கிற விளக்கம். அவளும் பெரிய கதை கேட்கிற மாதிரி தலையாட்டுவாள். அன்றைக்கெல்லாம் அவனுக்குக் கால் தரையில் பாவாது.

வீட்டில் அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "எண்ணெய்ல புரள்ற சட்டைக்கு எதுக்குடா தினம் இஸ்திரி?" என்று கேட்டாள். அவன் காதில் விழாத மாதிரி காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் இந்த முறை சூப்பர்வைசர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். இனி இந்த டூல் திரும்பி வந்தால் அது வெளி சர்வீஸுக்குப் போகும், ஊசி பேக்கிங் பிரிவுக்குப் போவான் என்று தீர்ப்பையும் சொன்னார்.

அவர் கண் எதிரே ஊசி எண்ணெயை நிரப்பினான், கோடு வரை எடுத்தான், மூடினான். சோதனை போல்ட்டில் வைத்து அழுத்தியதும் டூல் சிங்கக்குட்டி மாதிரி உறுமி இறுக்கியது. அவனுக்குத்தான் அழுகை வந்தது. இப்படிச் சரிசெய்தால் வருஷம் போனாலும் அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள்.

அவர்கள் போன பிறகு தட்டைப் பார்த்தால், எண்ணெய்த் துளையைத் திறக்கிற சின்ன ஆலன் கீயைக் காணவில்லை. மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினான். சூப்பர்வைசர் வந்து உட்கார்ந்த ராசி என்று அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு, வளைந்துபோன ஒரு பழைய கீயை வைத்து ஒப்பேற்றினான்.

சட்டை கசங்கியது, சோறு இறங்கவில்லை. அக்கா கேள்வி கேட்பதை விட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கேன்டீனுக்கு ஓடிய நேரத்தில் ரிப்பேர் அறைக் கதவு திறந்தது. அவள் மட்டும் தனியாக நின்றாள். வேலைக் கோட்டுக்குள் மறைத்திருந்த டூலை எடுத்து, இந்தத் தடவை சத்தமே இல்லாமல் மேஜை மேல் வைத்தாள். பழையபடி வெறுமனே சுற்றுகிறது என்று தணிந்த குரலில் சொன்னாள்.

அவளைப் பார்த்த சந்தோஷத்தில் ஊசிக்குத் தலை சுற்றியது. உடனே பேக்கிங் பிரிவும் ஞாபகம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று புரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு முகத்தைக் காட்டினான்.

டூலைப் பிரித்தான். சீல் புதுசு போல இருந்தது. பிளேடில் ஒரு கீறல் இல்லை. எங்கும் கசிவு இல்லை. எண்ணெயைச் சிரிஞ்சில் உறிஞ்சிப் பார்த்தான், பாதிகூடத் தேறவில்லை.

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. மேலே போய்ச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "சத்தியமாச் சொல்றேங்க. இந்தத் தடவ நான் எடுக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.  அவள் கோட்டுப் பைக்குள் கை விட்டு எதையோ எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

காணாமல் போன ஆலன் கீ.

"தெரியும். இந்தத் தடவ நான்தான் எடுத்தேன்."