குவாண்டம் வகுப்பில் டான்ஸ் டீச்சர்

"ஒரே நேரத்துல பூச்சியமாவும் இருக்கும், ஒண்ணாவும் இருக்கும். அதுதான் கியூபிட். எங்க, நீங்க விளங்கப்படுத்துங்க பாப்பம்!"

தனுஜா திருதிருவென்று முழித்தாள்.

"நீங்க என்ன பாடம் படிப்பிக்கிறீங்க?"

"நடனம் மிஸ்."

இரத்தினபுரிப் பயிற்சி மண்டபமே கொல்லென்று சிரித்தது. கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் குவாண்டம் கணினி சொல்லிக்கொடுக்கும் இடத்தில் டான்ஸ் டீச்சருக்கு என்ன வேலை? தனுஜாவுக்கு மானமே போய்விட்டது.

பயிற்சி நடத்த வந்த நுஸ்கா மிஸ் வரவுப் பட்டியலைப் பார்த்தார்; கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கொடகவெல பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம்தானே? உங்கட அதிபருக்கு இதெல்லாம் விளையாட்டா? புள்ளைகள் எப்படி முன்னேறுறது?"

தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள். நுஸ்கா மிஸ் விடவில்லை.

"போன வருஷம் ரோபோ பயிற்சிக்கு யோகராஜ்னு ஒரு சேர் வந்தார், எந்த ஸ்கூல்னு ஞாபகமில்ல. என்னா கெட்டிக்காரன்! நான்தான் சிபாரிசு பண்ணி டவுன் ஸ்கூலுக்கு மாற்றம் எடுத்துக் குடுத்தேன். இப்ப என்ட மகளுக்கு அவர்தான் மெத்ஸ். அப்படி ஒராளை அனுப்பத் தெரியாதா?"

"அவரு எங்க சேருதாங்க மிஸ்."

சிரிப்பு நின்றது.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் தனுஜாவுக்குப் பொங்கிவிட்டது.

"அவரு போனதுல இருந்து ஓ.எல். சோதனை எழுதுற புள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க ஆளே இல்லைங்க. நான்தான் போய் நிக்கிறேன். எனக்கே வராதுங்க! புத்தகத்தைப் பார்த்து போர்டுல எழுதுறேன், அதுகளும் பார்த்து எழுதுதுக. எல்லாம் ஃபெயிலாகிக் கொழுந்து பறிக்க மலைக்குத்தான் போகப்போகுதுக. மிச்சம் இருக்கிறது விஞ்ஞான டீச்சர் ஒராள். அவங்களை அனுப்பினா அவங்களையும் புடிச்சுக்குவீங்கன்னு பயந்துதான், யாருமே கேக்காத ஆளாப் பார்த்து என்னை அனுப்பினாரு அதிபர்."

நுஸ்கா மிஸ்ஸின் முகம் வாடிப்போனது.

தேத்தண்ணி இடைவேளையில் தனுஜாவைத் தனியே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுல வச்சுக்க வேணாம் டீச்சர். எனக்கு இப்பதான் விளங்குது. பாவம் அந்தப் புள்ளைகள்."

அப்பாடா, ஒரு மனுஷிக்காவது விளங்கியதே! யோகராஜ் சேரைத் திருப்பி அனுப்பச் சொல்வாரோ? தனுஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்கட நம்பரைத் தாங்க" என்று போனை எடுத்தார் நுஸ்கா மிஸ். "மகள்ட ஸ்கூல்ல டான்ஸுக்கும் டீச்சர் இல்ல. நான் சிபாரிசு பண்றேன்."