ஆற்றோரத்து மேசை

“வெளியில வேணாம். உள்ளயே உக்காருவோம்,” என்றார் மேஸ்திரி. மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சம்பந்தி ஏற்கெனவே வராந்தாவில் கைப்பிடிச் சுவரை ஒட்டிய மேசையைப் பிடித்துவிட்டார். கீழே ஆறு கலங்கலாக, தூண்களை முட்டிக்கொண்டு ஓடியது. மகளும் மாப்பிள்ளையும் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“தண்ணியக் கண்டா இவருக்கு ஆகாதுண்ணே,” என்று மேஸ்திரியின் மனைவி சிரித்துச் சமாளித்தாள். அப்படி எதுவும் கிடையாது. நேற்றிலிருந்து காரில் கலகலவென்று பேசிக்கொண்டு வந்த மனிதர், வண்டி இங்கே நின்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

நிறுத்தச் சொன்னது சம்பந்திதான். “நூத்தம்பது வருஷத்து ஓட்டல். இந்த வழியா வந்துட்டு இங்க சாப்பிடாமப் போனா எப்படி?”

இப்போது அவர் பக்கத்துத் தூணைத் தட்டிக்காட்டினார். காரை மங்கிப் பழுப்பேறி, அடியில் பாசி பிடித்திருந்தது. “பாருங்க சம்பந்தி, அந்தக் காலத்துக் கை! இப்பவும் கட்டறானுங்களே, போன மழைக்குக் கட்டினது இந்த மழைக்கு ஒழுகுது. உங்களச் சொல்லல.”

“சொன்னாலும் தப்பில்ல,” என்றார் மேஸ்திரி.

“அட, உங்கள நம்பித்தானே எங்க வீட்டு மாடியவே கையில குடுக்கப்போறேன்!”

மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஊர் ஊராகப் போய்க் கட்டடம் எழுப்பிய மனிதர், எட்டு மாதமாகச் சொந்தமாக ஒரு வேலை இல்லாமல் அடுத்தவனிடம் கூலிக்குப் போகிறார். சம்பந்தி வீட்டு மாடி கிடைத்தால் ஆளும் நிமிர்ந்துவிடுவார், மகளுக்கும் அந்த வீட்டில் ஒரு மதிப்பு. இந்த நேரம் பார்த்தா மூஞ்சியைக் காட்ட வேண்டும்?

“போயி கை கழுவிட்டு வாங்க,” என்று அவரைக் கிளப்பிவிட்டாள். குழாய் சமையற்கட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கிய சந்துக்குள் இருந்தது. வந்ததும் இரண்டு பேரிடம் வழி கேட்டுத்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். அவர் யாரையும் கேட்காமல் விடுவிடுவென்று போய்விட்டு வந்தார்.

சோறு வந்தது, வறுத்த மீன் வந்தது. மேஸ்திரி பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் பதித்து வைத்திருந்தார். கண் தூணுக்கும் மகளுக்குமாக அலைந்தது.

“என்னங்க, பரீட்சை ஹால்லயா உக்காந்திருக்கீங்க? சாப்பிடுங்க,” மனைவி கிசுகிசுத்தாள்.

“சீக்கிரம் முடிங்க. கெளம்பிடலாம்.”

“அவரு மனசு மாறிடப் போவுது. வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க.”

அப்போது வாசலில் ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. நாற்பது பேர் இருப்பார்கள், திமுதிமுவென்று வராந்தாவில் ஏறினார்கள். சப்ளையர் மேசைகளைத் தரதரவென்று இழுத்து ஒட்டிப் போட்டான். ஆற்றைப் பார்க்கிற ஆசையில் எல்லோரும் ஒரே பக்கமாகப் போய்ச் சாய்ந்தார்கள்.

மேஸ்திரி எழுந்துவிட்டார். எச்சில் கையோடு மகளின் தோளைப் பிடித்து இழுத்தார். “எந்திரி! எல்லாரும் உள்ள போங்க! ஏய், அங்க யாரும் நிக்காதீங்க!”

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் முகம் சிறுத்துவிட்டது. மனைவிக்கு அப்படியே ஆற்றில் இறங்கிவிடலாம் போலிருந்தது. “பைத்தியம் புடிச்சிருச்சா உங்களுக்கு? உக்காருங்க!”

சம்பந்தி சிரித்தார். சிரிப்புக்குள் எரிச்சல் இருந்தது. “என்ன சம்பந்தி, கட்டட வேல பாக்கற ஆளு, பழைய கட்டடத்துக்குப் போயி இப்படிப் பயப்படறீங்க? நூத்தம்பது வருஷமா நிக்குது. இன்னிக்கா விழப்போகுது?”

மேஸ்திரி மனைவியை ஒரு முறை பார்த்தார். மகளை உள்ளே தள்ளிவிட்டுச் சம்பந்தியிடம் திரும்பினார்.

“உள்ள இருக்கறதுதான் சம்பந்தி பழசு. இந்த வராந்தா நான் கட்டினது.”