லாரி தெறித்த கல்

"இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாச்சு. நீ வாயைத் தொறக்காம உக்காரு," என்று ஒர்க்‌ஷாப் பெஞ்சிலிருந்த மனைவியை அடக்கிவிட்டுப் பெரியவர் எழுந்தார்.

கிழட்டுக் கார். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து உச்சிவரை விரிசல் ஓடியிருந்தது. இன்சூரன்ஸ்காரன் கையை விரித்தால் காரைப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும்.

"முன்னால போன லாரி தம்பி. டயர்ல சிக்கின கல்லு, குண்டு மாதிரி தெறிச்சு வந்துச்சு."

சர்வேயர் குனிந்து பார்த்தார். "இவ்வளவு ஓரத்துலயா பட்டுச்சு?"

"நடுவுல படுன்னு அதுக்கு நான் சொல்லியா குடுக்க முடியும்?"

சர்வேயர் சிரித்துக்கொண்டே காரைச் சுற்றிவந்தார். "என்ன பெரியவரே, சக்கரம், பேட்டரி, பம்பர்னு எல்லாத்துலயும் மூணு புள்ளி குத்தி வெச்சிருக்கு?"

"என் அடையாளம். ஒர்க்‌ஷாப்ல விட்டா நல்லதைக் கழட்டிட்டு ஓட்டையை மாட்டிருவானுங்க."

"நான் இங்கதான் நிக்கிறேன்," என்றார் மெக்கானிக்.

"நிக்கிறதாலதான் சொல்றேன்."

மனைவி இருமினாள். பெரியவர் முறைத்தார். இருமல் நின்றது.

எப்படியோ இன்சூரன்ஸ்காரர்கள் தலையாட்டிவிட்டார்கள். அடுத்த வாரமே புதுக் கண்ணாடி ஏறியது. அதைப் படம் எடுத்து அனுப்பினால்தான் வேலை முடியும் என்று சர்வேயர் மறுபடி வந்திருந்தார்.

மனைவியை அதே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பெரியவர் சாவிக்குக் கையை நீட்டினார்.

"பசை காயணும் பெரியவரே. நாளைக்கு வாங்க. வண்டி இங்கயே கெடக்கட்டும்," என்றார் மெக்கானிக்.

"இங்கயா?"

"இங்கதான்."

பெரியவரின் முகம் சுண்டிப்போனது. வாசலில் பளபளவென்று புதுக் கண்ணாடி. கழட்டி விற்க ஒரு ராத்திரி போதாதா இவனுக்கு?

"உள்ள வாங்க சார், டீ குடிச்சிட்டுப் படம் எடுக்கலாம்," என்று மெக்கானிக் சர்வேயரை அழைத்துப் போனார்.

வெளியே டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் 'டங்'. அப்புறம் படபடவென்று ஏதோ தெறிக்கிற சத்தம்.

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். பெரியவரின் ஒரு கையில் கூர்முனை உளி, மறு கையில் சுத்தியல். புதுக் கண்ணாடியின் மூலையிலிருந்து விரிசல் நிதானமாக உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பெஞ்சிலிருந்த மனைவி வாயைத் திறந்தாள்.

"போன தடவையும் மொதப் புள்ளியிலயே போச்சுங்க."