சுகுணாவின் இயர்போன்

இயர்போனின் சொந்தக்காரர் மனசுக்கேற்ப ஒலிநூல்கள் கதையை மாற்றிச் சொல்லத் தொடங்கிய பிறகு, நாவலாசிரியர் ஞானசம்பந்தத்துக்குப் பிடிக்காத புத்தகமே இல்லை. துப்பறியும் கதை, காதல் கதை, சரித்திரக் கதை, எதைக் கேட்டாலும் நடுவில் ஒரு நாவலாசிரியர் வந்து எல்லோரையும் காப்பாற்றினார்.

அவருக்குப் பிடித்த ஒலிநூல்கள் எவை என்று ஒரு வார இதழ் கேட்டிருந்தது. பதில் எழுதுமுன் மறுபடி கேட்டுப் பார்க்க உட்கார்ந்தவர், தவறுதலாக மனைவி சுகுணாவின் இயர்போனை மாட்டிக்கொண்டார்.

துப்பறியும் கதையில் நாவலாசிரியர்தான் பிணம். காதல் கதையில் நாயகி அவரை விட்டுவிட்டு ஒரு பல் டாக்டரோடு போய்விட்டாள். சரித்திரக் கதையில் அவரை யானை மிதித்தது, அதுவும் நிதானமாக.

பதறிப்போய், தானே எழுதிய நாவலைப் போட்டார். அதில் எழுத்தாளரான கதாநாயகன் முதல் வரியிலேயே காலி. மீதிக் கதை முழுக்க அவனுடைய மனைவி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சுகுணா வந்து கையை நீட்டினாள். "என்னங்க, அது என்னோடது. குடுங்க."

"முதல் வரியிலயே என்னைக் கொன்னுட்டியே."

"அதுக்கப்புறம்தாங்க கதையே நல்லாப் போகும்."

ஞானசம்பந்தம் இயர்போனைக் கழற்றவில்லை.

"கொஞ்சம் இரு. இப்பத்தான் கோவால இறங்கியிருக்கா."